நாலணா அகலம்

பத்து லிட்டர் தண்ணீர்.
கல்லுப்பைப் பிடிபிடியாய்ப் போட்டுக் கலக்குங்கள்,
அடியில் கிடக்கும் முட்டை மேலே வந்து
நாலணா அகலத்துக்கு முகம் காட்டும்வரை
என்றாள் சுடர்க்கொடி.
நாலணாதான் செல்லாமல் போயிற்றே என்றாள் தையல்நாயகி.
சத்துணவுக் கூடமே சிரித்தது,
பதினெட்டுப் பேரும்
மடியிலிருந்த இரண்டு பிள்ளைகளும்.

முதல் நாள் காலையில் சிரிப்பு இல்லை.
பதிவேட்டில் ஐந்தாவது கட்டம்:
நிலம் யார் பெயரில்.
பேனா கைமாறிக் கைமாறி
கணவர், கணவர், மாமனார்,
செத்துப்போன மாமனார்,
கோயில், தெரியாது.
நான் எழுதினேன்:
குத்தகை, மூன்று மா, வாய்ப்பேச்சு.
பதினொரு வயதில் குனிந்த முதுகு இது.
முள்ளியாற்றுக் கடைமடையில்
எந்த வயலில் கால் எவ்வளவு புதையும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
அதற்குக் கட்டம் போடவில்லை.

விதைநெல்லைக் கொட்டினோம்.
பதர் மிதந்தது. அரைவயிறு நெல்லும் மிதந்தது.
மரக்காலுக்கு இரண்டு கை பொய்.
இத்தனை வருஷமாய் அந்தப் பொய்க்கும் சேர்த்துத்தான்
உழவு, உரம், கடன்.
மரியபுஷ்பம் மட்டும் மிதந்ததை அரித்தெடுத்து
நல்ல தண்ணீரில் அலசி முந்தானையில் முடிந்தாள்:
கோழிக்காவது ஆகும்.

மறுவாரம் பூச்சி.
எது தின்னும், எது தின்பதைத் தின்னும்
என்று பூதக்கண்ணாடியில் காட்டினாள்.
சிலந்தி நம்ம கட்சி.
ஊசித்தட்டான் நம்ம கட்சி.
ஒரே டப்பா மருந்தில்
எதிரியையும் கூலி கேட்காத ஆளையும்
சேர்த்துக் கொன்றிருக்கிறோம்.

வீட்டில் ஒரு மா மட்டும் தந்தார்.
கெட்டுப்போனால் உன் மூக்குத்தி என்றார்.
பதினாலு நாள் நாற்று,
குத்துக்கு ஒன்று, சாணுக்கு ஒன்று.
பாலத்தில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்:
என்னம்மா, வழுக்கைத் தலையில் முடி நடுறியா?

ஐப்பசி மழை மூன்று நாள் வயலில் படுத்துக்கொண்டது.
கீழண்டை மூலை பத்துக் குழி அழுகிற்று.
சுடர்க்கொடிக்குப் போன் போட்டேன்.
அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை,
அதை அவள் மறைக்கவும் இல்லை.
தையல்நாயகிதான் வந்து நின்று பார்த்தாள்.
உன் வயலை மட்டும் வடித்தால் வடியாது,
நாலு வயலைச் சேர்த்து வெட்டணும்.
பதினெட்டில் ஒன்பது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள்.
மற்றவர்களுக்கு அன்று நூறு நாள் வேலை.
குறை சொல்ல முடியாது.

மார்கழிப் பனியில் ஒரு குத்தை எண்ணினேன்.
நட்டது ஒற்றை நாற்று.
முப்பத்தொரு தூர்.
தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன்.
முப்பத்திரண்டு.

தையில் அந்த ஒரு மாவில் பத்தரை மூட்டை,
அழுகிய மூலை போக.
இருபது வருஷமாய் நட்டதெல்லாம்
கொள்முதல் நிலையத்துக்கு,
தின்றதெல்லாம் ரேஷன் கடையில்.
இந்தத் தடவை இரண்டு மூட்டையைக் கட்டிலடியில் தள்ளினேன்.
வரப்புத் தட்டைப்பயற்றில் குழம்பு.
அவர் ஒன்றும் பேசவில்லை.
இரண்டாம் தரம் தட்டை நீட்டினார்.
சான்றிதழ் என்று எனக்கு வந்தது
கலெக்டர் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்று,
இது ஒன்று.

ஆவணி பிறந்ததும் அவரே கேட்டார்,
முட்டை இருக்கா?
மரியபுஷ்பம் கொடுத்தாள்,
பதர் தின்ற கோழியின் முட்டை.
உப்பு ஏற ஏற
அடியில் கிடந்தது அசைந்தது,
நின்றது, யோசித்தது,
எழும்பி வந்து
செல்லாத காசின் அகலத்துக்கு
முகம் காட்டியது.

பதிவேட்டில் இன்னும் வாய்ப்பேச்சுதான்.
மூன்று மாவுக்கும் விதை அலசி முடித்து
முட்டையைக் கழுவி வேகவைத்தேன்.
நூல் வைத்து இரண்டாய் அறுத்தேன்.
பெரிய பாதி எனக்கு.